ராத்தா, அதில் ஒரு வரி இல்லை

ராத்தா,

புதிதாக அச்சடித்த புத்தகத்தின் வாசம் உங்களுக்கு ஆகாது. தலை சுற்றுகிறது என்பீர்கள். மருந்துக் கம்பனிக்காரர்கள் வருடப் பிறப்புக்குக் கொண்டுவந்து தரும் நாட்குறிப்பைக்கூட இரண்டு நாள் யன்னலோரம் விரித்து வைத்துவிட்டுத்தான் தொடுவீர்கள். போன கிழமை செவ்வாயன்று புத்தளத்தில், பயிற்சி நடந்த மண்டபத்தில், எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் தந்தார்கள். பெட்டியை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். மை வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. நல்ல நினைவாகத்தான் வந்தது. பதினேழாம் பக்கத்தைத் திறக்கும்வரை அப்படியே இருந்தது.

வழித்துணைத் திட்டத்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலும் வெளிக்களத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு, மனம்விட்டுப் பேச ஆளுக்கொரு துணை. பெயர்கூட மாறவில்லை. இந்த முறை என்னையும் ஒரு வழித்துணையாகத் தெரிவுசெய்திருந்தார்கள். நாற்பத்தாறு வயதில், இருபது வருடத்துக்கு மேல் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாதுவாக வீடுவீடாக ஏறி இறங்கியவளுக்கு, அது சின்னச் சந்தோசம் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் படம் போட்டிருந்தார்கள். நீல முந்தானைப் படம். 'தமது அனுபவக் குறிப்புகளை மனமுவந்து வழங்கிய மறைந்த சகோதரிக்கு நன்றி' என்று கீழே இருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு விரலால் தொட்டுக் காட்டி, "இவங்கதான் எனக்கு வழித்துணையா இருந்தவங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

பிறகு பயிற்சி தந்த டொக்டர் பதினேழாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். இளம் பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரி. எழுந்து நின்று வாசித்தார்.

'ஒரு கரையோரக் கிராமத்தில் பணியாற்றிய மருத்துவமாது, இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்த ஒரு கர்ப்பிணித் தாயைப் பார்க்கச் சென்றார். வீடு பூட்டியிருந்தது. குடும்பம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாக அயலவர் கூறினர். கொடியில் ஒரு பிள்ளையின் சட்டை ஈரம் சொட்டக் கிடந்ததை அவர் கண்டார். இருந்தும் இடம் மாறிச் சென்றார் எனப் பதிவேட்டில் எழுதிவிட்டு வீடு திரும்பினார்.'

ஈரம் சொட்ட. அந்தச் சட்டையைப் பற்றி நான் என் புருசனிடம் சொல்லவில்லை. விசாரணையில் சொல்லவில்லை. உம்மாவிடம் சொல்லவில்லை. உலகத்தில் ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னேன்.

"இந்த மருத்துவமாதுவின்ர இடத்தில நீங்கள் இருந்திருந்தா என்ன செய்திருப்பியள்?" டொக்டர் கேட்டார்.

மதுரங்குளியிலிருந்து வந்திருந்த சுகாதாரப் பரிசோதகர் கையைத் தூக்கினார். "நாலு மணியாகியிருக்கும் டொக்டர். மிஸ்ஸுக்கு பஸ் போயிடுமே!"

மண்டபம் சிரித்தது. உடப்பிலிருந்து வந்திருந்த மருத்துவமாது மட்டும் சிரிக்கவில்லை. "ஈரத்துணி கிடந்தா ஆள் அயலுக்குள்ளதானே நிக்கும். எங்கட கரையில சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கண் எங்க கிடந்திச்சோ."

"மிஸ், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?" டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அவ போய்த் தேடியிருக்கோணும்" என்றேன்.

"சரியான விடை" என்று பலகையில் எழுதினார்.

அந்தப் பலகையைப் பார்த்தபடி மீதி நேரம் முழுவதும் இருந்தேன், ராத்தா. அங்கே இருந்த யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அந்த மருத்துவமாது வீடு திரும்பவில்லை. நேராக உங்களிடம் வந்தாள். உங்களிடம் கேட்டாள்.

நாம் இருவரும் சேர்ந்த நாளை முதலில் சொல்லிக்கொள்கிறேன். அதைச் சொல்லாமல் இதை எழுதினால் நானும் ஒரு வரியை விட்டவளாவேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பெயர்களைத் துண்டில் எழுதி ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினார்கள். பிரசவ வார்ட்டில் வேலை செய்த நீங்கள் என் துண்டை எடுத்தீர்கள். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு வந்திறங்கிய கூட்டத்தில் ஒருத்தி. எங்கள் பக்கத்து வழக்கத்தில் முதல் நாளே 'ராத்தா' என்று கூப்பிட்டேன். அக்கா, மிஸ் என்று கேட்டுப் பழகிய உங்களுக்கு அது பிடித்துப்போனது.

"எந்த ஊர் நீ?"

"மன்னார், ராத்தா."

"இப்ப?"

"இப்ப இங்கதான்."

"அப்ப ரெண்டு ஊர்க்காரி. எனக்கு ஒரு ஊரையே சமாளிக்க ஏலாம இரிக்கி."

சேலைன் பெட்டிகள் அடுக்கிய அந்தச் சின்ன அறைதான் நமக்குக் கிடைத்தது. இரண்டு கிழமைக்கு ஒரு புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. நம் வேலையில் எழுதாமல் ஒன்றும் நடப்பதில்லை. போனால் எழுத வேண்டும், வந்தால் எழுத வேண்டும், நிறை, உயரம், பிரஷர், வீட்டில் மலசலகூடம் உண்டா என்பதுவரை எழுத வேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் எழுத்தில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனையையும் உங்களுடையதையும் எடுத்து ஒரு ஸ்டீல் தட்டில் போடுவீர்கள். "இனி நீயும் நானும் மனுசர். இங்க கதைக்கிறது இந்தப் பெட்டிகளுக்கு மட்டும்தான் கேக்கும்" என்பீர்கள்.

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? பக்கத்துப் பிரிவில் ஆளில்லாமல் இரண்டு பிரிவை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கல்பிட்டி ரோட்டின் இரு பக்கத்திலும் வெங்காயத் தோட்டங்களுக்குள், தென்னந்தோப்புகளுக்குள், கடற்கரை மீன்வாடிகளுக்குள் என் ஸ்கூட்டி போகாத ஒழுங்கை இல்லை. எல்லோரையும் 'எப்பிடி இரிக்கிறீங்க' என்று கேட்பதுதான் என் தொழில். என்னை அப்படிக் கேட்டு, பதில் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்த முதல் ஆள் நீங்கள். ஒருமுறை அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். நீங்களும் பேசாமல் இருந்தீர்கள். எழும்பும்போது "இண்டைக்கு நல்லாக் கதைச்சோம்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அதெல்லாம் பொய்யாக இருந்திருக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இனி அந்தப் புதன்கிழமை.

அந்தத் தாயின் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும். மூன்றாவது பிள்ளை, எட்டாம் மாதம், கால் வீக்கம். முந்திய கிளினிக்கில் பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு மணிபோலப் போனேன். கதவு பூட்டு. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நான் வாயைத் திறக்குமுன், "அவங்க மன்னாருக்குப் போயிட்டாங்க மிஸ்" என்றார்.

அந்தப் பதிலில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் ஊர்க்காரர்கள் எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்தபிறகு அங்கே காணியும் வீடும் பதிந்துகொண்டிருந்தார்கள். இங்கேயும் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அங்கே கிடைக்கவேண்டியது கிடைக்காது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே கையில் பதிவேட்டோடு யார் வந்து கேட்டாலும், 'மன்னாருக்குப் போயிட்டாங்க' என்பதே பதில். நினைத்துச் சொல்லும் பதிலில்லை, வாயில் தானாக வருவது. சின்ன வயதில் அகதி முகாமில் இருந்தபோது நானும் எத்தனையோ உத்தியோகத்தருக்கு, எத்தனையோ பேரைப் பற்றி, உம்மா சொல்லித் தந்த பதிலைச் சொன்னவள்தான். இப்போது பதிவேடு என் கையில் இருந்தது. மாமியின் கண்ணுக்கு நானும் ஒரு உத்தியோகத்தர்.

கொடியைப் பார்த்தேன். மஞ்சள் பூப்போட்ட ஒரு சின்னச் சட்டை. கீழே மணலில் சொட்டுச் சொட்டாகக் குழி.

மாம்புரியில் அந்தத் தாயின் புருசனுடைய தங்கச்சி வீடு இருந்தது தெரியும். அங்கிருந்து இரண்டு மைல் தூரம். அப்போதே போயிருக்கலாம். போகவில்லை. மூன்று மணிக்கு உங்களிடம் வரவேண்டியிருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் பிழை. இதை நான் உங்கள்மேல் போடவில்லை, ஒருநாளும் போட்டதில்லை.

வந்தேன். பேனைகளைத் தட்டில் போட்டீர்கள். நான் இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னேன்.

"வீடு பூட்டு ராத்தா. மன்னாருக்குப் போயிட்டாங்க எண்டு அயல்ல சொல்றாங்க. ஆனா கொடியில சட்டை ஈரம் சொட்டுது."

"காலைல தோச்சிப் போட்டுட்டுப் போயிருப்பாங்க."

"காலைல தோச்சது ரெண்டு மணிக்கும் சொட்டுமா, இந்தக் காத்துக்கு?"

"அடியே, நீ பொலிசுல சேந்திருக்கோணும்."

"மாம்புரியில மச்சி வீடு இரிக்கி. எழும்பிப் போய்ப் பாத்துட்டு வீட்ட போறன்."

நீங்கள் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக் கதிரையில் அமர்த்தினீர்கள். "உன்ட முகத்தக் கண்ணாடியில பாத்தியா? போன கிழமை கிளினிக்குல தல சுத்தி விழுந்தது ஆரு, நானா? உன்ட சின்னவன் உம்மா எங்க எண்டு கேட்டு அழுதவன் எண்டு போன முறை சொன்னது ஆரு?"

"இண்டைக்கு ஒரு நாள் மட்டும், ராத்தா."

"எப்பவும் ஒரு நாள் மட்டும்தான். கேளு. உங்கட ஆக்கள் ரெண்டு ஊர்லயும் ஒவ்வொரு கால் வெச்சிக்கிட்டிருக்கிறவங்கதானே. அங்க போயிருப்பாங்க, அங்கத்த மிஸ் பாத்துக்குவா. மாறிப் போனார் எண்டு எழுதி மூடு. இண்டைக்கு நீ உன்ட பிள்ளைகளோட இருந்து சாப்பிடு. எல்லை போடப் பழகு. இது என்ட ஓடர்."

என் பேனையைத் தட்டிலிருந்து எடுத்து நீங்களே என் பையில் செருகினீர்கள். அன்பாகத்தான் செய்தீர்கள். நான் அழிந்துபோய்விடக் கூடாது என்றுதான் செய்தீர்கள். அன்று இரவு பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டேன். அதற்கு முன் பதிவேட்டை எடுத்து, நீங்கள் சொன்னதை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம். ஆண்களெல்லாம் பள்ளிவாசலில். நீங்கள் போன் எடுத்தீர்கள். "உன்ட பிரிவுத் தாய் ஒண்டு வந்திரிக்கி. வலிப்பு. வா."

அந்தத் தாய் மாம்புரியில் மச்சி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். அங்கே கிணறு உப்பு. பிள்ளைகளின் உடுப்பைத் தோய்க்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் தன் வீட்டுக்கு வந்து போயிருக்கிறாள். நான் போனதற்கு ஒரு அரைமணி நேரம் முந்தித்தான் அந்தச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தாயைக் காப்பாற்றிவிட்டீர்கள். இரண்டு மணி நேரம் அவளை விட்டு நகராமல் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளையை முடியவில்லை. பெண்பிள்ளை.

நான்காம் நாள் அவள் கட்டிலருகே போனேன். "ஏன் மிஸ் நீங்க என்னப் பாக்க வரல்ல? வாறன் எண்டு சொன்னீங்களே" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கை நின்றது. பிறகு வேலையைத் தொடர்ந்தது.

விசாரணை நடந்த நாளைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள். கடைசியில் நடுவில் இருந்தவர், நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இத எழுத முந்தி நீங்க ஆரோடயாவது கலந்து பேசினீங்களா?"

வாசலுக்கு வெளியே பெஞ்சில் நீங்கள் இருந்தீர்கள். வார்ட்டில் நடந்ததைச் சொல்ல உங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பாதி திறந்த கதவுக்குள்ளால் உங்கள் முழங்கையும் மடியிலிருந்த நோயாளர் அட்டையும் தெரிந்தன. அந்தக் கேள்வி உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"இல்ல சேர். என்ட முடிவு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அறையில் பேசுவது அந்த அறைக்குள்ளே என்பது நாம் செய்த ஒப்பந்தம். அதை நான் உடைத்தால், அடுத்த புதன்கிழமை வேறொருத்தி தன் வழித்துணையின் முன்னால் வாயைத் திறப்பாளா? அத்தோடு இன்னொன்றும் இருந்தது. நீங்களே சொல்வீர்கள் என்று நினைத்தேன். அடுத்தது உங்கள் முறை. உள்ளே போய், 'அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது, நான்தான் போகவேண்டாம் என்றேன்' என்று ஒரு வசனம் சொல்வீர்கள் என்று வெளியே பெஞ்சில் காத்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்தீர்கள். கன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் பிளேன்டீ வாங்கித் தந்தீர்கள். சீனி போட்டுக் கலக்கியும் தந்தீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. எழும்பும்போது என் கையைத் தட்டி, "நீ நல்ல பிள்ளை" என்றீர்கள்.

இடமாற்றம் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். விடியமுன் எழும்பி, பொழுதுபட்டு வீடு வந்து மூன்று வருடம். எல்லை போடப் பழகு என்று சொன்னீர்களே, பிள்ளைகள் முழித்திருக்கையில் நான் கண்ட நாட்கள் அந்த மூன்று வருடத்தில் கொஞ்சம்தான். ஒவ்வொரு பெருநாளைக்கும் போன் எடுப்பீர்கள். நானும் எடுப்பேன். அந்தப் பேச்சு மட்டும் வராது. நம் இருவருக்கும் நடுவில் அது ஒரு பூட்டிய வீடுபோல இருந்தது. சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தோம்.

பிறகு நீங்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டீர்கள். போகிறவர்கள் புறப்படுமுன் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். அடியார்களின் ஹக்கை, சக மனிதருக்குரிய உரிமையை, கழுத்தில் சுமந்துகொண்டு அந்த இடத்துக்குப் போகக் கூடாது. நீங்கள் என் வீட்டுக்கு வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்கவும் விடாமல் பிடித்துக்கொண்டீர்கள்.

"நான் உனக்கு ஏதும் பிழை செஞ்சிருந்தா, தெரிஞ்சோ தெரியாமலோ, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோ."

காத்திருந்தேன். இப்போதாவது அந்தப் பிழையைப் பெயர் சொல்லிக் கேட்பீர்கள் என்று. நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். இந்த மனுசி சொல்ல முடியாமல் தவிக்கிறாள், போகிற நேரத்தில் நான் ஏன் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். "மன்னிச்சிட்டன் ராத்தா. ஒண்டுமில்ல. நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றேன். நீங்கள் தேம்பித் தேம்பி அழுதீர்கள். கையில் மீன் வாசத்தோடு உங்களைக் கட்டிப்பிடித்தேன். மனம் இலேசானது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மன்னித்தேன். விசாரணை நாளில் நீங்கள் வாயைத் திறக்காததை, மூன்று வருடப் பஸ் பயணத்தை, எல்லாவற்றையும்.

நீங்கள் மௌத்தான செய்தி வந்தபோது அந்தப் பாரம் இல்லாமல் அழ முடிந்தது. ஜனாஸா வீட்டில் உங்கள் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "உம்மா எப்பவும் உங்களப் பத்தித்தான் கதைப்பா" என்றாள். அன்று அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இப்போது யோசிக்கிறேன், எங்கே, யார் யாரிடம் கதைத்தீர்கள்?

பயிற்சி முடிந்த மறுநாள் அந்த டொக்டருக்குப் போன் எடுத்தேன். பதினேழாம் பக்கத்துச் சம்பவத்தை உங்களிடமிருந்து எப்போது வாங்கினார்கள் என்று கேட்டேன். கோப்பைப் பார்த்துத் திகதியைச் சொன்னார். நீங்கள் ஹஜ்ஜுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முந்தி.

அதாவது ராத்தா, என் கையைப் பிடித்து அழுதபோது, கொடுத்து முடித்திருந்தீர்கள். எழுதி, கையெழுத்து வைத்து, கொடுத்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். 'தெரிஞ்சோ தெரியாமலோ' என்ற சொல்லுக்குள் அதையும் மடித்து வைத்திருக்கிறீர்கள். நான் பார்க்காத பொருளுக்கு என்னிடம் ஒப்பம் வாங்கியிருக்கிறீர்கள்.

சம்பவத்தை நீங்கள் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். பத்துப் பேர் படித்து, ஒரு தாயாவது தப்பினால், என் வெட்கம் என்ன பெரிய வெட்கம்? கேட்டிருந்தால் நானே எழுதித் தந்திருப்பேன். நீங்கள் பூட்டைச் சொன்னீர்கள், அயலவரைச் சொன்னீர்கள், சட்டையைச் சொன்னீர்கள், சொட்டின தண்ணீரைக்கூட விடவில்லை. உங்களை மட்டும் விட்டுவிட்டீர்கள். உங்களுக்காக நான் மூடி வைத்த கதவை நீங்களே திறந்து, என்னை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இருந்துகொண்டீர்கள்.

பாருங்கள், அதனால் பாடமும் பிழைத்துவிட்டது. வழித்துணைகளுக்கான புத்தகம் அது. 'வேலைக்காரி கவனமாக இருக்க வேண்டும்' என்று படித்துவிட்டு வழித்துணைகள் வீட்டுக்குப் போனார்கள். அன்பாகச் சொல்லும் ஒரு புத்தியும் ஒரு பிள்ளையைக் கொல்லும் என்பதை அந்த மண்டபத்தில் யாரும் படிக்கவில்லை. அதைச் சொல்லித் தரக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். கடைசிப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

டொக்டரிடம் சொன்னேன். "அதுல ஒரு வரி விடுபட்டிரிக்கி."

"என்ன வரி மிஸ்?"

"அந்த மருத்துவமாது தன்ட வழித்துணைக்கிட்டக் கேட்டா. போகவேணாம் எண்டு வழித்துணை சொன்னா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்த மருத்துவமாது நான்தான்."

பாவம், பலகையில் தான் எழுதியது ஞாபகம் வந்திருக்கும். "ஐயோ மிஸ்" என்றார். பிறகு மெல்ல, "அப்ப அந்த வழித்துணை..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கடைசிப் பக்கம் அவரிடமும் இருந்தது.

"பேர் ஒண்டும் போடவேணாம். வரிய மட்டும் போடுங்க" என்றேன்.

மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த பதிப்பில் போடலாம் என்றார். போடுவார்களோ தெரியாது.

இதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். மௌத்தாகிப்போனவர்களின் குறையைப் பேசுவது நமக்கு ஆகாது. அதுவும் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் காத்த ஒப்பந்தத்தை நானும் உடைத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

இன்று என் முதல் புதன்கிழமை. எனக்குக் கிடைத்தவள் சிலாபம் பக்கத்துத் தாதி, பேச்சில் சிங்களம் கலக்கும், வயது முப்பது இருக்கும். வந்து கதிரையில் இருக்குமுன்னமே, "அனே மிஸ், இங்க கதைக்கிறது வெளிய போகாதுதானே?" என்று கேட்டாள்.

நீங்கள் சொன்ன மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீ சொல்றது போகாது" என்றேன். "ஆனா நான் உனக்கு ஒரு புத்தி சொல்லி, அது பிழைச்சிட்டா, அத நீ மறைக்கக் கூடாது. நானும் மறைக்க மாட்டன். ஆரு கேட்டாலும் நான்தான் சொன்னன் எண்டு நானே போய்ச் சொல்லுவன்."

அவள் சிரித்துவிட்டாள். "இதென்ன மிஸ், முதல் நாளே பிழைக்கப்போற மாதிரிக் கதைக்கிறீங்க?"

"பிழைக்கும்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. ராத்தா, கேட்டுக்கொண்டிருப்பது எப்படி என்பதை நான் உங்களிடமிருந்துதான் கற்றேன். அதைத் திருப்பித் தர வழியில்லை, வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்காகக் கையேந்திப் பிரார்த்திக்கும் நேரத்திலும், அன்று மீன் சட்டிக்குப் பக்கத்தில் நின்று தந்த மன்னிப்பை நான் திரும்ப எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததற்குத் தந்தது தந்ததுதான். தெரியாமல் இருந்ததற்கானது இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்காத ஒருவருக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.